ஆசிரியர் அமைச்சரானார்: கன்னங்கராவும் இலவசக் கல்வியும்

இலங்கையின் அரசியலுக்கு ஆட்களை வழங்கிய தொழில்களுள் நியாயவாதித் தொழிலுக்கே முதலிடம் உண்டு. அதற்கு அடுத்தபடியாக எண்ணத்தக்கது ஆசிரியத் தொழில். கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராயிருந்த ரி. பி. ஜாயா 1924ஆம் ஆண்டிலே சட்டசபை புகுந்தார். யாழ்ப்பாணத்துப் பரமேசுவராக் கல்லூரியின் அதிபராயிருந்த சு. நடேசபிள்ளை 1934ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைத் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். இவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்க மற்றொருவர், இந்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்விலும் ஏதோவொரு வகையில் தம் கையைப் பதித்துச் சென்றவர், சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா.

கணித ஆசிரியராகத் தொழில் தொடங்கி, பின்னர் வழக்குரைத்து, நாற்பதை அணுகிய வயதில் அரசியலுக்கு வந்தவர் அவர். 1931 முதல் 1947 வரை பதினாறு ஆண்டுகள் கல்வி அமைச்சராயிருந்தார். அப்பதவியை வகித்த முதல் இலங்கையரும் அவரே. ஆசிரியர் ஒருவர் அரசியலுக்கு வரும்பொழுது தம்முடன் எதனைக் கொண்டுவருகின்றார் என்ற வினாவிற்கு அவருடைய வரலாறு தெளிவான விடை தருகின்றது.

1884ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 13ஆம் திகதி, தென்னிலங்கையில் அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள றந்தொம்பை என்னும் கிராமத்திலே கன்னங்கரா பிறந்தார். தந்தையார் பலப்பிட்டியில் பிஸ்கால் கந்தோரிலே பணிபுரிந்த உத்தியோகத்தர். குடும்பம் வறுமையில் வாடியதுமில்லை, செல்வத்தில் மிதந்ததுமில்லை. சிறுவன் அம்பலாங்கொடையில் இருந்த வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே கற்றான். காலியிலிருந்த றிச்மண்ட் கல்லூரியின் அதிபர் ஜேம்ஸ் ஹோர்ண் டரல் பாதிரியார் ஒருமுறை அப்பாடசாலையின் பரிசளிப்பு விழாவிற்குத் தலைமை தாங்க வந்தார். பரிசுகளுட் பெரும்பாலானவற்றை ஒரே மாணவன் திரும்பத் திரும்ப வந்து பெற்றுச் செல்வதைக் கண்ட பாதிரியார், இவற்றை வீட்டிற்குக் கொண்டுபோக ஒரு மாட்டுவண்டி வேண்டுமே என்று நகைச்சுவையாகச் சொன்னார் என்பர். பின்னர் றிச்மண்ட் கல்லூரியின் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு அம்மாணவனை அழைத்தார். அவன் தேறினான். படிப்பும் விடுதி வாழ்வும் இலவசமாயின.

இந்நிகழ்ச்சியைச் சிறுவன் ஒருவனின் நல்லூழ் என்று கூறிக் கடந்துவிடலாம். ஆயினும் அந்நல்லூழின் மறுபக்கமும் உண்டு. அன்று பரிசளிப்பு விழாவிற்கு வேறொருவர் தலைமை தாங்கியிருந்தால், அல்லது அதிபரின் கண் வேறெங்கேனும் சென்றிருந்தால், கன்னங்கராவின் கல்வி அம்பலாங்கொடையோடு முடிந்திருக்கவுங்கூடும். பரிசளிப்பு விழாவிற்கு எந்த அதிபரும் வாராத பாடசாலைகள் அக்காலத்தில் நாடெங்கும் பல்லாயிரக்கணக்கான சிறுவரைக் கொண்டிருந்தன. பிற்காலத்தில் கன்னங்கரா செய்தவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கும்பொழுது, தமக்கு வாய்த்த தற்செயலான வாய்ப்பைப் பிறர்க்கெல்லாம் உரிமையாக்கும் முயற்சியாகவே அவை தோன்றுகின்றன.

றிச்மண்டிலே அவர் கணிதத்திற் சிறந்து விளங்கினார். கிரிக்கற் குழுவிற்குத் தலைமை தாங்கினார். கேம்பிறிட்ஜ் சீனியர் பரீட்சையிலே திறமையாகத் தேறியபின், டரல் பாதிரியாரின் விருப்பப்படி அக்கல்லூரியிலேயே கணித ஆசிரியராக அமர்ந்தார். 1906ஆம் ஆண்டிலே கல்லூரி விடுதியில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. நோயுற்ற மாணவருக்குத் தாமே பணிவிடை செய்த டரல் பாதிரியார் அந்நோய்க்கே இரையானார். தம்மைக் கண்டெடுத்த ஆசானை இழந்த கன்னங்கரா காலியை விட்டுக் கொழும்புப் பகுதிக்குச் சென்றார். மொறட்டுவைப் பிறின்ஸ் ஒவ் வேல்ஸ் கல்லூரி, கொழும்பு வெஸ்லி கல்லூரி ஆகியவற்றிலே கற்பித்துக்கொண்டே சட்டமும் பயின்றார். 1910ஆம் ஆண்டிலே பிரக்கிராசியாகிக் காலிக்குத் திரும்பி வழக்குரைக்கத் தொடங்கினார்.

அவருடைய அரசியல் வாழ்வின் முதற்படியில் தமிழ்ப் பெருமகன் ஒருவரின் பெயர் இடம்பெறுகின்றது. 1911ஆம் ஆண்டிலே, படித்த இலங்கையர் அனைவருக்குமாக ஒதுக்கப்பட்ட ஒரேயொரு சட்டசபை இடத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. அதிற் போட்டியிட்ட பொன்னம்பலம் இராமநாதனுக்காகக் கன்னங்கரா தென்மாகாணத்திலே பிரசாரம் செய்தார். இராமநாதன் வெற்றிபெற்றார். 1919ஆம் ஆண்டிலே பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தேசிய காங்கிரசு தோன்றியபொழுது கன்னங்கராவும் அதிற் பங்குகொண்டார். 1923ஆம் ஆண்டிலே தென்மாகாணத்திலிருந்து சட்டசபைக்குத் தெரிவானார். 1930ஆம் ஆண்டிலே காங்கிரசின் தலைவருமானார்.

1931ஆம் ஆண்டு இலங்கையின் அரசியலிலே ஒரு திருப்பம். டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முன்னர், சொத்தும் வருமானமும் கல்வியும் உடையோராய், குடிசனத்துள் நூற்றுக்கு நால்வர் அளவினரே வாக்காளராயிருந்தனர். புதிய அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்த தலைவர் அத்துறையின் அமைச்சரானார். கல்விக்குழு கன்னங்கராவைத் தெரிவுசெய்தது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தாறு.

இவ்விடத்தில் வடபகுதியின் நிலையையும் நினைவுகூருதல் வேண்டும். பூரண சுயராச்சியம் வழங்கப்படவில்லை என்ற காரணத்தால், யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் அறைகூவலின்படி 1931ஆம் ஆண்டுத் தேர்தல் வடக்கிலே பகிஷ்கரிக்கப்பட்டது. அந்த வாலிப காங்கிரசை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகமும் ஓர் ஆசிரியரே. வெறுமையாயிருந்த இடங்கள் 1934ஆம் ஆண்டிலேதான் நிரப்பப்பட்டன. பின்னர் 1936ஆம் ஆண்டிலே அமைந்த மந்திரிசபை முற்றிலும் சிங்கள அங்கத்தவரைக் கொண்டதாயிருந்தது. கன்னங்கராவும் அதில் ஒருவர். சிறுபான்மையோர் உள்ளத்தில் அது ஐயத்தையும் மனக்கசப்பையும் விளைத்தது. அந்த ஐயம் நாட்டின் அரசியலை நெடுங்காலம் தொடர்ந்தது. எனினும், அம்மந்திரிசபையின் காலத்திலே உருவான கல்வித்திட்டம் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளையைப் போலவே பாடசாலைக் கதவைத் திறந்துவிட்டது.

அக்கதவு முன்னர் எவ்வாறு மூடப்பட்டிருந்தது என்பதை அறிந்தாலன்றி அவர் செய்த பணியின் பெருமை விளங்காது. பிரித்தானிய ஆட்சியின்கீழ் இலங்கையில் இருவகைப் பாடசாலைகள் வளர்ந்தன. ஒருவகை, தமிழிலும் சிங்களத்திலும் கற்பித்த சுயபாஷைப் பாடசாலை. அங்கே கட்டணம் இல்லை. ஆனால் அக்கல்வி இட்டுச்சென்ற வழியும் குறுகியது. சுயபாஷை ஆசிரியர், நொத்தாரிசு, சுதேச வைத்தியர் என்ற சில தொழில்களோடு அவ்வழி முடிந்துவிடும். மற்றொருவகை ஆங்கிலப் பாடசாலை. அங்கே கட்டணம் உண்டு. எழுதுவினைஞர் பதவி முதல் வைத்தியம், சட்டம், சிவில் சேவை வரை உயர்ந்த உத்தியோகங்கள் யாவற்றிற்கும் அதுவே வாயில். ஆகவே ஒரு பிள்ளை எதிர்காலத்தில் யாராவான் என்பது அவனுடைய அறிவினாலன்றித் தந்தையின் பணப்பையினாலேயே முடிவாயிற்று. கமக்காரன் ஒருவன் தன் மகனை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்ப விரும்பினால் காணியை ஈடுவைக்கவேண்டும். அல்லது பிள்ளைகளுள் ஒருவனை மாத்திரம் படிப்பித்து ஏனையோரை வயலுக்கு அனுப்பவேண்டும். ஆங்கிலப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை பட்டினங்களிலே இருந்தமையால், தூரத்துக் கிராமத்தவனுக்கு விடுதிச் செலவும் சேர்ந்து சுமையை இருமடங்காக்கியது.

வாக்குரிமை எல்லோருக்கும் கிடைத்தபின் இந்நிலை நீடித்தல் இயலாது என்பதைக் கன்னங்கரா உணர்ந்தார். ஆட்சியாளரைத் தெரிவுசெய்யும் உரிமையைக் கொடுத்துவிட்டு, ஆராய்ந்து தெரிவுசெய்வதற்கு வேண்டிய கல்வியைக் கொடாதிருப்பது முரண்பாடு. வகுப்பறையில் நின்ற அனுபவமும் அவருக்குத் துணைசெய்தது. கணிதம் கற்பித்தவர் எவருக்கும் ஓர் உண்மை தெரியும்: கூர்மையான அறிவு எந்த வாங்கிலிருந்து எழும் என்பதை முன்கூட்டிச் சொல்லுதல் இயலாது.

பதவியேற்ற முதலாண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் நாட்டை வருத்தியது; பணம் கிடைக்கவில்லை. ஆகவே சிறு முயற்சிகளோடு அவர் தொடங்கினார். கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெசையில் உருவான கிராமியக் கல்வித் திட்டத்திற்கு ஆதரவளித்தார். பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைப்பணி ஆகியவற்றோடு இணைந்த கல்வியைக் கிராமப் பிள்ளைக்கு அளிப்பதே அத்திட்டத்தின் நோக்கம். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் கல்வி நிருவாகத்திற்குப் புதிய அடித்தளம் இட்டது. 1942ஆம் ஆண்டு யூலை மாதத்திலே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் உபவேந்தரானார்.

இம்முயற்சிகளுள் கன்னங்கராவின் மனத்துக்கு மிக நெருங்கியவை மத்திய பாடசாலைகளே. பட்டினத்துப் பெருங்கல்லூரிகளில் உள்ள விஞ்ஞானகூடம், நூல்நிலையம், விளையாட்டிடம், விடுதி ஆகியவற்றைக் கொண்ட பாடசாலையைக் கிராமப்புறத்தின் நடுவே நிறுவுதல் அவருடைய நோக்கம். ஐந்தாம் வகுப்பிலே பரீட்சை நடத்தி, திறமையுள்ள கிராமப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதிச் செலவும் கொடுத்து அங்கே கற்பித்தனர். அவர் காலத்தில் இத்தகைய 54 பாடசாலைகள் உருவாயின. றந்தொம்பைச் சிறுவனுக்குப் பாதிரியார் ஒருவர் தந்த புலமைப்பரிசில், இப்பொழுது நாட்டின் ஒழுங்கான முறையாயிற்று. கிழக்கிலங்கையில் மட்டக்களப்பிற்கு வடக்கே வந்தாறுமூலையில் எழுந்த மத்திய பாடசாலையும் அவ்வரிசையைச் சேர்ந்தது. அவ்வளவிலே 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியொன்று தோன்றி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வயல்களின் நடுவே இட்ட விதை எவ்வாறு வளரும் என்பதற்கு அதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆயினும் தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மாத்திரம் வாய்ப்பளிப்பதோடு அவர் அமைதிகொள்ளவில்லை. கல்வி முழுவதையும் ஆராய்வதற்கு 1940ஆம் ஆண்டிலே விசேட குழுவொன்று அவர் தலைமையில் நியமிக்கப்பட்டது. உலகயுத்தம் இலங்கையின் வாயில்வரை வந்திருந்த காலம் அது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு வீசினர். அரிசிக்குப் பங்கீடு வந்தது. அத்தகைய காலத்திலும் குழு தன் வேலையை விடாது செய்து, 1943ஆம் ஆண்டிலே அறிக்கையை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்விக்குக் கட்டணம் இருத்தலாகாது. ஆரம்பக் கல்வி தாய்மொழியிலேயே நடைபெறல் வேண்டும். அதன்பின் பிள்ளையின் ஆற்றலுக்கேற்ப ஏட்டுக்கல்வியும் தொழிற்கல்வியும் அளிக்கும் வெவ்வேறு வகைப் பாடசாலைகள் அமைதல் வேண்டும் என்பன அதன் முக்கிய விதப்புரைகள்.

எதிர்ப்பு வலிமையாய் எழுந்தது. செலவைத் திறைசேரி தாங்காது என்றனர் சிலர். கட்டணத்தை நம்பி உயர்ந்த தரத்தில் நடந்துவந்த கல்லூரிகள் சீரழியும் என்றனர் வேறு சிலர். சமயத் தாபனங்கள் நடத்திய பாடசாலைகளோ, அரசாங்கத்தின் பணத்தோடு அரசாங்கத்தின் கட்டுப்பாடும் உள்ளே நுழையும் என அஞ்சின. அந்த அச்சத்தைச் சுயநலம் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. ஒரு நூற்றாண்டிற்கு மேலாக நாட்டிற்குக் கல்வியளித்தவை அத்தாபனங்களே. கன்னங்கராவுங்கூட மிசன் பாடசாலை ஒன்றின் கொடையாலேயே உயர்ந்தவர். எல்லோரும் படித்துவிட்டால் வயலிலும் தோட்டத்திலும் வேலைசெய்ய யார் இருப்பார் என்று கேட்டோரும் இருந்தனர். மறுபக்கத்தில் ஆசிரியர்களும் கிராமச் சங்கத்தாரும் பெற்றோரும் கூட்டங்கூடித் திட்டத்தை ஆதரித்தனர். மனுக்கள் குவிந்தன. வாக்குரிமை பெற்ற சாதாரண மக்களின் குரல் முதன்முறையாகக் கல்விக்காக ஓங்கி ஒலித்தது.

1944ஆம் ஆண்டு அரசாங்க சபையில் அறிக்கையை முன்வைத்துப் பேசிய கன்னங்கரா, ஆங்கிலச் சட்டச் சீர்திருத்தவாதி புறூம் பிரபு முன்னர் சட்டத்தைப் பற்றிக் கையாண்ட ஒப்புமை ஒன்றைக் கல்விக்கு ஏற்றிக் கூறினார். உரோமாபுரியைச் செங்கல் நகராகக் கண்டு சலவைக்கல் நகராக விட்டுச்சென்றதாகப் பெருமைகொண்டவன் அகஸ்டசு மன்னன். விலையுயர்ந்த பொருளாயிருந்த கல்வியை எளிதிற் கிடைப்பதாக்கி, செல்வரின் உடைமையாயிருந்ததை ஏழையரின் முதுசொமாக்கினால், இச்சபையின் பெருமை அதனிலும் மேலானதாகும் என்பது அவர் பேச்சின் சாரம். விவாதம் நீண்டது, தடைகள் வந்தன, சமரசங்களும் செய்யப்பட்டன. இறுதியில் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இன்னும் சில நாட்களில் கன்னங்கராவிற்கு அறுபத்தொரு வயது நிரம்ப இருந்தது.

உதவி நன்கொடை பெற்றுவந்த பாடசாலைகளுட் பெரும்பாலானவை கட்டணத்தை விடுத்துத் திட்டத்திற் சேர்ந்தன. சில பெருங்கல்லூரிகள் தனித்து நின்றன. சமயத் தாபனங்கள் கொண்டிருந்த அச்சமும் ஓரளவிற்கு மெய்யாயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது.

தாய்மொழி பற்றிய விதப்புரையின் விளைவும் தமிழ் மக்களுக்கு முக்கியமானது. ஆரம்பக் கல்வியிலே தமிழ்ப் பிள்ளை தமிழிலும் சிங்களப் பிள்ளை சிங்களத்திலும் கற்றல் வேண்டும் என்ற கொள்கை அக்காலத்தில் உறுதிப்பட்டது. 1944ஆம் ஆண்டிலே அரசாங்க சபை, சிங்களத்தோடு தமிழையும் அரசகரும மொழியாக்கும் நோக்கங்கொண்ட பிரேரணையொன்றை நிறைவேற்றியது. இரு மொழிகளும் ஒருங்கு வளரும் என்ற நம்பிக்கை அன்று இருந்தது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அந்நம்பிக்கையைக் குலைத்தமை பின்னைய வரலாறு.

கன்னங்கராவின் திட்டத்திற்கும் குறைகள் இருந்தன. இலங்கைக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித்தந்த மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அதன் பயன் முறையாகச் சென்றடையவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலேயே தொடர்ந்தன. பெரும்பாலும் ஒரே ஆசிரியரையும் சில கீழ்வகுப்புகளையும் கொண்ட அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970ஆம் ஆண்டுகளிலேதான். தேயிலைக் கொழுந்து கொய்தவரின் பிள்ளைக்கு இலவசக் கல்வி ஒரு தலைமுறை தாமதித்தே வந்தது. தொழிற்கல்விக்கென அறிக்கை கூறியவையும் போதிய அளவு நிறைவேறவில்லை. பெற்றோர் யாவரும் ஏட்டுக்கல்வியையே விரும்பினர். கற்றோர் தொகை பெருகியபொழுது அதற்கேற்ற வேலை பெருகாமையால், 1960ஆம் ஆண்டுகளிலே கற்றோரிடை வேலையின்மை நாட்டின் பெரும் பிரச்சினையாயிற்று.

இவ்வளவு செய்தவருக்கு மக்கள் அளித்த கைம்மாறு யாது? 1947ஆம் ஆண்டு, சுதந்திரத்தை எதிர்நோக்கிய முதலாவது பாராளுமன்றத் தேர்தலிலே, மத்துகமைத் தொகுதியில் கன்னங்கரா தோல்வியுற்றார். வெற்றிபெற்றவர் ஹொரணையிலே ஸ்ரீபாளி கல்விநிலையத்தை நிறுவிய வில்மற் ஏ. பெரேரா. அவரும் கல்விப்பணியில் ஈடுபட்டவரே. அத்தோல்வியைப் பலர் வியந்தனர். ஆனால் இலவசக் கல்வி தொடங்கி இரண்டாண்டுகளே கடந்திருந்தன. அதன் பயனைப் பெற்றுக்கொண்டிருந்தோர் சிலேற்றும் கையுமாய்ப் பாடசாலை சென்ற சிறுவர். அவர்களுக்கு வாக்கு இல்லை. கல்வியின் விளைச்சல் தேர்தலின் காலக்கணக்கிற்கு அடங்குவதில்லை.

பின்னர் அவர் இந்தோனேசியாவிலே இலங்கையின் பிரதிநிதியாகப் பணியாற்றினார். 1952ஆம் ஆண்டிலே அகலவத்தைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்து, தல ஸ்தாபன அமைச்சராக 1956 வரை கடமைபுரிந்தார். கல்வி அமைச்சு அவரிடம் மீண்டும் ஒப்படைக்கப்படவில்லை. அரசியலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் அவருடைய வாழ்வு எளிமையானதாயிருந்தது. பதினாறு ஆண்டுகள் அமைச்சராயிருந்தும் செல்வம் சேர்க்கவில்லை. முதுமையிலே அரசாங்கம் அவருக்கு உதவிப்பணம் வழங்கவேண்டியிருந்தது. 1969ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆம் திகதி, எண்பத்து நான்காவது வயதில் அவர் காலமானார்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர். 1981ஆம் ஆண்டிலே அத்தொகை 85ஐயும் கடந்தது. இதற்குக் காரணம் ஒருவர் மாத்திரம் என்று கூறுதல் பொருந்தாது. அவருக்கு முன்னே வழியமைத்தோரும், உடன்நின்று வாதாடிய அங்கத்தவர்களும், வசதியற்ற கொட்டில்களிலே நின்று கற்பித்த ஆசிரியர்களும் அதற்கு உரிமையுடையோரே. ஆனால் வாய்ப்பிருந்தும் தயங்கியோர் பலராயிருந்த காலத்திலே, தயங்காது நின்ற அமைச்சர் அவர்.

டரல் பாதிரியார் ஒரு மாணவனைக் கண்டெடுத்தார். அம்மாணவன் ஆசிரியராகி, அமைச்சராகி, எவருடைய கண்ணிலும் படாத பிள்ளைக்கும் கல்வி கிடைக்கும்படி சட்டம் செய்தார். நல்லாசிரியர் வகுப்பிலே பின்வாங்கில் இருப்பவனையும் மறவாதவர். அக்குணத்தை ஆட்சிமன்றத்திற்கும் கொண்டுசென்றமையே கன்னங்கராவின் அரசியல். பின்வாங்கிலே இன்னும் எஞ்சியிருப்போர் யார் என்று தேடிப்பார்ப்பதே அவருடைய பணியைத் தொடர்வோரின் கடமையாகும்.